வடக்கில் நடந்த அந்த ஒரு தேர்தல்

"மாகாண சபை எலக்‌ஷன எப்பத்தான்டா வைப்பாங்க?"

கோத்தகிரி டீக்கடையில் பக்கத்திலிருந்த பெரியவர் போனில் கேட்டுக்கொண்டிருந்தார். எதிர்முனையில் இலங்கையின் வடக்கே கிளிநொச்சியிலிருக்கும் அக்கா மகன்.

இலங்கைத் தேயிலைத் தோட்டங்களிலிருந்த இந்திய வம்சாவளியினரில் ஒரு பகுதியினரை இந்தியாவுக்கு அனுப்பிய 1964 சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தப்படி இங்கே வந்த குடும்பம் அவருடையது. அக்கா கல்யாணமாகி அங்கேயே தங்கிவிட்டார். 1977இல் தமிழர்களுக்கு எதிராக நடந்த கலவரத்துக்குப் பிறகு, தோட்டங்கள் இருக்கும் மலையகத்தை விட்டு, கிளிநொச்சி இருக்கும் வன்னிக்குப் போனார்கள்.

போனை வைத்ததும் ஒரு படம் காட்டினார். 2013இல் வடக்கு மாகாண சபைத் தேர்தலில் வாக்களித்துவிட்டு வந்த அக்கா. சுண்டுவிரல் மை நகத்தோரம் வழிந்து, தோலின் வெடிப்புகளுக்குள் இறங்கியிருந்தது. கொழுந்து கிள்ளிய விரல்.

1948 குடியுரிமைச் சட்டம் நாடற்றவர்களாக்கிய சனத்தில் பிறந்தவர் அவர்.

அப்போது உள்நாட்டுப் போர் முடிந்து நாலு வருஷம்தான். ஊரெங்கும் ராணுவம். இருந்தும் செப்டம்பர் 21 அன்று வடக்கு திரண்டு வந்து வாக்களித்தது. 38 இடங்களில் 30 தமிழ்த் தேசியக் கூட்டமைப்புக்கு. முன்னாள் உச்ச நீதிமன்ற நீதிபதி விக்னேஸ்வரன் முதலமைச்சர் ஆனார்.

காணி, போலீஸ் அதிகாரம் சட்டத்தில் இருந்தும் கைக்கு வரவில்லை. சரி, சபையாவது இருந்தது. 2018 அக்டோபரில் அதன் காலமும் முடிந்தது. அதன் பிறகு ஜனாதிபதி நியமிக்கும் ஆளுநரின் நிர்வாகம்தான்.

ஜனாதிபதித் தேர்தல், நாடாளுமன்றத் தேர்தல், உள்ளூராட்சித் தேர்தல் எல்லாம் நடத்த முடிகிறது. மாகாண சபைக்கு மட்டும் தொகுதி எல்லை நிர்ணயம் முடியாதது தடையா? எனக்கு ஆறவேயில்லை. பழைய விகிதாசார முறையிலாவது நடத்துங்கள். முதலில் தேதியைச் சொல்லுங்கள்.