சைக்ளோஸ்போரினும் மகளின் நெற்றி முடியும்

மகளுக்கு ஏப்லாஸ்டிக் அனீமியா, அதாவது எலும்பு மஜ்ஜை போதுமான ரத்த அணுக்களை உருவாக்காத நோய், என்று மஜ்ஜைப் பரிசோதனையில் உறுதியானபோது வயது 8. மஜ்ஜை மாற்றுச் சிகிச்சைக்குத் தம்பியின் மஜ்ஜை பொருந்தவில்லை. உடம்பின் எதிர்ப்புச் சக்தியை அடக்கும் ஏடிஜி, சைக்ளோஸ்போரின் என்ற இரண்டு மருந்துகள்தான் வழி என்றார்கள். தொற்று, ரத்தக்கசிவு, சிறுநீரக நிலையைக் காட்டும் கிரியேட்டினின் என்று எல்லாவற்றுக்கும் மனதைத் தேற்றிக்கொண்டேன். அவள் அதிகம் அழுததோ தோலில் வந்த மாற்றங்களுக்காக.

ஏடிஜி, குதிரையின் ரத்தத்திலிருந்து எடுக்கும் புரதம். உடம்பு அதை அந்நியமாகக் கருதுவதால் ஒன்றிரண்டு வாரத்தில் சீரம் சிக்னஸ் என்ற ஒவ்வாமை வரலாம் என்று முன்பே சொல்லியிருந்தார்கள். வந்தது. காய்ச்சல், மூட்டுவலி. உள்ளங்கையும் புறங்கையும் சேரும் ஓரத்தில் வளைந்து வளைந்து ஓடும் சிவப்புப் பட்டை, பாதத்தின் ஓரத்திலும் அதேபோல. ஸ்டீராய்டைக் கூட்டியதும் அடங்கிவிட்டது.

முடி அப்படி அடங்கவில்லை. சைக்ளோஸ்போரின் தொடங்கிச் சில வாரங்களில் நெற்றியோரப் பூனைமுடி கறுத்தது. புருவங்கள் நடுவில் சேர்ந்தன. அப்புறம் மேலுதடு, கை, முதுகு. சொந்தக்காரர் ஒருவர் அவள் காதுபடவே, "பொம்பளப் புள்ளைக்கு மீசையா?" என்றார். அன்றிலிருந்து வீட்டிலும் மாஸ்க்கைக் கழற்ற மாட்டேன் என்றாள். இன்றும் அந்தப் பேச்சை நினைத்தால் எனக்குக் கோபம் வருகிறது.

மாமியார் பாசத்தோடு கஸ்தூரி மஞ்சளும் பயற்றமாவும் குழைத்து எடுத்துவந்தார். டாக்டரிடம் கேட்டேன். ரத்தத்தை உறையவைக்கும் பிளேட்லெட் அணுக்கள் குறைந்த உடம்பில் அழுத்தித் தேய்த்தாலே தோலுக்கடியில் ரத்தப்புள்ளி வரும், கீறல் விழுந்தால் கிருமி நுழையும். மஞ்சள், த்ரெட்டிங், ரேசர் எதுவும் இப்போதைக்கு வேண்டாம் என்றார். "சரிம்மா, புள்ள நல்லாகட்டும், அப்புறம் பாத்துக்கலாம்" என்று அத்தை கிண்ணத்தை உள்ளே வைத்துவிட்டார்.

முடிக்காக டோஸைக் குறைக்க முடியுமா என்றும் கேட்டேன். அவசரப்பட்டுக் குறைத்தால் ரத்த அணுக்கள் மறுபடி சரியலாம் என்றார். மருந்தின் அளவு ரத்தத்தில் சரியாக இருக்கிறதா என்று பார்க்க, காலை மாத்திரைக்கு முன்பே ரத்தம் எடுக்க வேண்டும். பம்பளிமாஸ் வகைப் பழங்கள் அந்த அளவை ஏற்றிவிடும் என்பதால் அவற்றை நிறுத்தினோம்.

அவளை மாற்றியது வார்டு நர்ஸ்தான். என்னிடம் சொல்லாமல் நேராக அவளிடமே, "இது மருந்தால வர்ற முடி. மருந்தை நிறுத்தினா சில மாசத்துல போயிடும்" என்றார். பள்ளியில் கேட்ட தோழிகளுக்கு அவளே அதைச் சொன்னாள். வகுப்பு ஆசிரியையிடம் நானும் முன்கூட்டியே பேசியிருந்தேன்.

இப்போது டோஸை மெல்ல மெல்லக் குறைக்கிறார்கள். முழுதாக நிறுத்த ஒரு வருடத்துக்கு மேல் ஆகும். நெற்றி முடி மெலிந்துவிட்டது. இந்த மருந்தால் தடித்த ஈறு மட்டும் இன்னும் அப்படியே இருக்கிறது, மெத்தென்ற பிரஷ்ஷில்தான் பல் தேய்க்கிறாள். அடுத்த வாரம் பல் டாக்டரிடம் காட்டப்போகிறோம்.