43-இல் ஒரு பட்டை

ஜனவரி 9

காயம்பட்ட நரம்பு மறுபடி முளைக்கும்போது செல்லுடல் அதன் நுனிக்கு என்ன புரதம் அனுப்புகிறது என்று பார்க்க வேண்டும். எலியின் இடது தொடை நடுவில் சியாட்டிக் நரம்பை (காலுக்கு ஓடும் பெரிய நரம்பு) நசுக்கியாயிற்று. நுண் இடுக்கியால் 10 வினாடி, இடுக்கியைக் கொஞ்சம் திருப்பிப் பிடித்து மறுபடி 10 வினாடி. சரியாக நசுங்கிய இடம் வெண்மை போய் ஊடுருவித் தெரியும். ஒரு வெள்ளைக் கீற்று மிச்சமிருந்தாலும் சில இழைகள் தப்பிவிட்டன என்று அர்த்தம். அந்த நாலு இழைகள் போதும், பின்னால் வரும் எல்லா அளவையும் கெடுக்க. வெட்டாமல் நசுக்குவதற்குக் காரணம்: ஆக்ஸான் (நரம்பு செல்லின் நீண்ட இழை) அறுந்தாலும் அதைச் சுற்றியிருக்கும் உறைக்குழாய் அறுவதில்லை, மறுபடி வளரும் முளை வழிதவறாது. அடையாளத்துக்கு மேலுறையில் ஒரு 10-0 நைலான் தையல். அது நரம்புக்குள் இறங்கினால் அதுவே இன்னொரு காயம்.

ஜனவரி 10

பின்னங்கால் விரல்கள் விரியவில்லை. விரியவும் கூடாது.

ஜனவரி 15

சல்ஃபர்-35 மெத்தியோனின் வந்துவிட்டது: கதிரியக்க அமினோ அமிலம், செல் புதிதாகச் செய்யும் புரதத்தில் சேர்ந்து அதை அடையாளம் காட்டும். அரை ஆயுள் 87 நாள், இனி காலண்டரும் ஒரு கருவிதான். குப்பியைத் திறக்கும்போது ஆவியாக ஒரு பகுதி கிளம்பும். உறிஞ்சும் கரி வைத்த அடைப்புக்குள்தான் திறக்க வேண்டும். குப்பியில் கெடாமல் காக்க மெர்காப்டோஎத்தனால் சேர்த்திருந்தால் உலர்த்தும்போது போய்விடும். டைதயோத்ரைட்டால் சேர்த்ததென்றால் போகாது, அப்படியே செறிவாகி, ஊசி போடும் கேங்லியானை (உணர்வு நரம்புகளின் செல்லுடல்கள் இருக்கும் முடிச்சு) புண்ணாக்கும். ஆர்டர் போடும்போதே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் இது.

ஜனவரி 16

L4, L5 (இடுப்புப் பகுதியின் 4, 5-ஆம்) முதுகுவேர் கேங்லியான்களில் கண்ணாடி நுண்குழாய் வழியாக ஒவ்வொன்றுக்கும் 1 மைக்ரோலிட்டர். பத்து நிமிடம் எடுத்துக்கொண்டு மெதுவாக. முடிந்ததும் குழாயை உடனே உருவினால் பாதி அதன் பின்னாலேயே வழிந்துவிடும். இரண்டு நிமிடம் அப்படியே விட்டுத்தான் எடுக்க வேண்டும்.

வேகக் கணக்கு. ஆக்ஸானுக்குள் புரதங்களின் விரைவுப் போக்குவரத்து நாளுக்குச் சுமார் 400 மி.மீ., அதாவது மணிக்கு 16 மி.மீ. சொச்சம். கேங்லியானிலிருந்து நசுக்கிய இடம் 45 மி.மீ. அதற்கு அப்பால் ஏழு நாளில் முளைத்தது: முதல் ஓரிரு நாள் ஒன்றும் நகராது, பிறகு நாளுக்கு 3 மி.மீ. என்று வைத்தால் 15. மொத்தம் 60. பயணம் மூன்றரை மணிக்குச் சற்று மேல். புரதம் உண்டாகி, கோல்ஜி (செல்லில் புரதத்தைப் பொதியும் இடம்) தாண்டி, ஆக்ஸானுக்குள் ஏற ஒரு மணி நேரம். ஆக, 6 மணி நேரத்தில் எடுத்தால் அடையாளமிட்ட புரதத்தின் அலைமுனை கட்டாயம் முளைநுனியில் இருக்கும்.

எலியின் உடல் 37 டிகிரியில் இருந்தால்தான் இதெல்லாம். மயக்கத்தில் 30-க்கு இறங்கிவிட்டால் 400 என்பது 250-க்குப் பக்கத்தில் வந்துவிடும். சூடேற்றும் மெத்தையை நம்பக் கூடாது. ஆசனவாய் வெப்பமானியைத்தான் பார்க்க வேண்டும்.

தனியாக ஒரு குழு: இவற்றிலும் ஏழு நாளுக்கு முன்பே நசுக்கியாயிற்று, ஆனால் ஊசிக்கு முன் கேங்லியானுக்குக் கீழே பட்டுநூலால் இறுகக் கட்டு. கட்டுக்கு அப்பால் என்ன தெரிந்தாலும் அது இழை வழியாக வந்ததல்ல. மூன்றாவது குழுவை, மெதுவாகப் போகும் புரதங்களைப் பார்க்க, 14 நாள் விட்டுவைக்கிறோம்.

ஜனவரி 17

நரம்பை எடுத்ததும் சுருங்குகிறது. உடலுக்குள் இருக்கும்போதே இரு தையல்களுக்கு இடையில் அளந்து, அட்டையில் அதே நீளத்துக்குப் பரப்பி, உலர்பனியில் உறையவைத்து, பிறகு 3 மி.மீ. துண்டுகள். இழுத்துப் பரப்பினால் அலைமுனை முன்னால் ஓடியதுபோல் காட்டும், தளர விட்டால் பின்தங்கியதுபோல். வேகத்தில் வரும் பிழையில் பெரும்பாதி இந்த அட்டையில்தான் பிறக்கிறது.

ஜனவரி 18

துண்டுகளைக் கொதிக்கவைத்த சாற்றின் மேல் மயலின் (இழைகளைப் போர்த்தும் உறை) கொழுப்பு வெள்ளையாக மிதக்கிறது. அதைத் தொடாமல் நடுவிலிருந்து எடுக்க வேண்டும். கொழுப்பு, புரதங்களை எடைவாரியாகப் பிரிக்கும் ஜெல்லின் கிணற்றில் இறங்கினால் பட்டைகள் புன்னகைபோல் வளையும்.

ஜனவரி 20

ஜெல்லை 1 மோலார் சோடியம் சாலிசிலேட்டில் அரை மணி, கதிரியக்கத்தை ஒளியாக்கிப் பிலிமில் பதியவைக்க. அதற்கு முன் தண்ணீரில் நன்றாக அலசியாக வேண்டும். அசிட்டிக் அமிலம் மிச்சமிருந்தால் சாலிசிலிக் அமிலம் படிகமாகி ஜெல் வெள்ளையாகிவிடும். பிறகு உலர்த்தி, பிலிம் வைத்து, மைனஸ் 80-இல்.

இனி காத்திருப்பு. 43 ஆயிரம் டால்டன் எடையில், சுருக்கமாக 43-இல், என்ன பட்டை வரும்?

ஜனவரி 24

மூன்று நாளாக மனம் எதிர்த்திசையில் ஓடுகிறது. செல்லுடல் இங்கே இருக்கிறது, காயம் 45 மி.மீ. தள்ளி. எப்படித் தெரிகிறது அதற்கு?

முதலில் வருவது மின்வெடிப்பும் கால்சியமும், வினாடிகளில். அடுத்து டைனீன் (செல்லுடல் நோக்கிச் சரக்கு இழுக்கும் மோட்டார் புரதம்) இழுத்து வருவது: நாளுக்கு 200 மி.மீ. என்றால் ஐந்தரை மணி நேரம். காயம்பட்ட இடத்திலேயே, ஆக்ஸானுக்குள் முன்பே கிடக்கும் ஆர்.என்.ஏ.விலிருந்து இம்போர்ட்டின்-பீட்டா (செல் கருவுக்குள் சரக்கு கொண்டுபோகும் புரதம்) உண்டாகி டைனீனோடு சேர்கிறது என்று 2003-இல் காட்டினார்கள். செல்லுடலிலிருந்து வரவழைக்க நேரமில்லாத இடத்தில் அங்கேயே செய்துகொள்வதுதான் முறை. மூன்றாவது, இலக்கிலிருந்து வழக்கமாக வந்துகொண்டிருந்த நரம்பு வளர்ச்சிக் காரணி வராமல் போவது. இது மெதுவானது, நாள்கணக்கு. ஆக, ‘காயச் செய்தி’ என்று ஒருமையில் எழுதுகிற எவரும் எந்த மணிநேரத்தைப் பற்றிப் பேசுகிறார் என்று சொல்லிவிட்டு எழுதினால் நல்லது.

அறுந்த இடத்துக்கு அப்பாலுள்ள பகுதியின் கதை வேறு. அங்கே NMNAT2 சீக்கிரம் சிதைந்துபோகும் நொதி, செல்லுடலிலிருந்து ஓயாமல் வந்தாக வேண்டும். வரவு நின்றால் SARM1 (இழையை அழிக்கும் நொதி) விழித்துக்கொள்கிறது. எலியில் இரண்டு நாளுக்குள் இழை துண்டுதுண்டு.

ஜனவரி 25

பிலிமைத் திறக்கவில்லை.

ஜனவரி 30

மெதுக்குழுவை எடுத்தாயிற்று. கேங்லியானிலிருந்து முழு நீளமும். 14 நாளில், ஆக்ஸானின் சட்டகப் புரதங்களில் நியூரோஃபிலமென்ட்டும் டியூபுலினும் பெரும்பாலும் முதல் 15 மி.மீ.க்குள் நிற்க வேண்டும், ஆக்டின் அதைவிட நன்றாக முன்னால். மெதுவான போக்கு என்றால் ஊர்வது என்று நினைப்பது வழக்கம். உண்மையில் அவை விரைவாக ஓடி, நெடுநேரம் நின்று, மறுபடி ஓடுகின்றன; 2000-இல் உயிருள்ள செல்களில் நேரிலேயே பார்த்துவிட்டார்கள். நிற்கிற நேரம்தான் சராசரியைக் கீழே இழுக்கிறது.

காயத்துக்குப் பின் செல் நியூரோஃபிலமென்ட் அனுப்புவதைக் குறைத்து, டியூபுலினையும் ஆக்டினையும் கூட்டுகிறது. அதனால் ஆக்ஸான் கேங்லியான் பக்கத்தில் முதலில் மெலிகிறது. அந்த மெலிவு மெதுப்போக்கின் அதே வேகத்தில் நரம்பில் கீழே இறங்குகிறது. குறுக்குவெட்டில் விட்டம் அளந்தாலே தெரியும், கதிரியக்கம் தேவையில்லை. எனக்கு இந்தத் துறையிலேயே மிகப் பிடித்த அளவீடு இது.

பிப்ரவரி 3

பிலிம் வந்தது. நசுக்கிய பக்கம், காயத்துக்கு அப்பால் நான்காவது துண்டில் 43-இல் அழுத்தமான பட்டை. நசுக்காத நரம்பில் அதே தொலைவில் அநேகமாக ஒன்றுமில்லை.

GAP-43 (ஆக்ஸான் வளரும்போது மிகுதியாக உண்டாகும் புரதம்) என்று சொல்ல நாக்கு துடிக்கிறது. ஆனால் ஆக்டினும் 43. ஆறு மணி நேரத்தில் ஆக்டின் இழை வழியாக ஒரு மில்லிமீட்டர் போயிருந்தாலே அதிகம், ஆகவே இது வந்துசேர்ந்த ஆக்டினாக இருக்க வழியில்லை. அங்கேயே உண்டான ஆக்டினாக இருக்கலாம். ஊசியில் கசிந்த மெத்தியோனின் ரத்தம் வழியாகப் போயிருக்கும். காயத்துக்கு அப்பால் ஷ்வான் செல்கள் (இழைகளைப் போர்த்துபவை) பெருகிக்கொண்டிருக்கின்றன, மேக்ரோஃபேஜ்கள் (சிதைவைத் தின்னும் செல்கள்) நிறைந்திருக்கின்றன, எல்லாம் புரதம் செய்யும் வேகத்தில். எதிர்ப்பக்கத்து ஆரோக்கியமான நரம்பை ஒப்பீடாக வைக்கும் வழக்கம் இங்கேதான் தோற்கிறது. அதில் இப்படிப் பெருகும் செல்கள் இல்லை, கசிவு இருந்தாலும் காட்டாது. காயம்பட்ட நரம்புக்கு ஒப்பீடு காயம்பட்ட நரம்புதான், இழை வழி வரத்தை மட்டும் அடைத்தது.

கட்டுப்போட்ட குழுவின் பிலிம் இன்னும் உள்ளே.

பிப்ரவரி 4

43.

பிப்ரவரி 10

கட்டுப்போட்டதில் 37-இல் ஒரு பட்டை. அது அபோலிப்போபுரதம் ஈ, கொழுப்பைச் சுமக்கும் புரதம். காயம்பட்ட நரம்பில் அந்த இடத்துச் செல்கள் சுரப்பது. ஆக, கசிவு இருக்கிறது, இந்த முறை அதைக் காட்டவும் செய்கிறது. 43-இலும் மங்கலாக ஒன்று. கட்டில்லாததைவிடப் பலமடங்கு மங்கல். ஆனால் இருக்கிறது.

பிப்ரவரி 12

எடையை மட்டும் வைத்து, ஒற்றைப் பரிமாணத்தில் இதைப் பிரிக்க முயல்வதில் பயனில்லை. GAP-43-இன் உண்மையான எடை 24 ஆயிரம் டால்டன் அளவுதான். ஜெல்லின் சதவீதத்தைப் பொறுத்து 43 முதல் 57 வரை எங்கும் நிற்கும். மற்றப் பட்டைகள் அசையாதபோது இது மட்டும் இடம் மாறுகிறதா என்று இரண்டு சதவீதங்களில் ஓட்டிப் பார்ப்பது நல்ல முதல் சோதனை. தீர்ப்பு இரு பரிமாணத்தில், மின்னேற்றம் சமனாகும் pH-ஆல் ஒரு திசையிலும் எடையால் மறுதிசையிலும் பிரித்து: ஆக்டின் pH 5.4 பக்கம், GAP-43 இன்னும் நன்றாக அமிலப்பக்கம், 4.5-க்குக் கீழேகூட. அந்த pH படிநிலையை உண்டாக்கும் ஆம்ஃபோலைட் கலவையில் அமிலப்பக்கம் போதவில்லையென்றால் இது ஜெல்லின் ஓரத்தில் கோடாக இழுபட்டுக் காணாமல் போகும்.

பிப்ரவரி 14

இரண்டு புள்ளிகள். கட்டில்லாததில் அமிலப்பக்கத்துப் புள்ளி பெரிது, 5.4-இல் சிறியது. கட்டுப்போட்டதில் 5.4 மட்டும்.

அளவுக்கு இது போதாது. GAP-43-இல் மெத்தியோனின் மிகக் குறைவு, புரோலைன் என்ற அமினோ அமிலம் ஏராளம். மெத்தியோனினை வைத்து ‘எத்தனை மடங்கு’ என்று பேசினால் அந்தப் புரதத்தைக் குறைத்தே சொல்வோம். அடுத்தது டிரிட்டியம் (கதிரியக்க ஹைட்ரஜன்) சேர்த்த புரோலைன். கசிந்தது கொலாஜனுக்குள் போகும், அது 100-க்கு மேலே, 43-ஐத் தொடாது. டிரிட்டியத்தின் பீட்டா வலுவில்லாதது, சாலிசிலேட் ஊறல் இல்லாமல் பிலிமில் விழாது, ஜெல்லை 0.75 மி.மீ.க்கு மேல் வார்க்கக் கூடாது.

பிப்ரவரி 16

புரோலைனுக்கு எலிகள் நசுக்கியாயிற்று. கட்டுப்போடும் குழு இதிலும் உண்டு, இந்தத் தடவை இரட்டிப்பாக.