வாய் வழியா ஒரு ஆபரேஷன்

ஜனவரி 8
ஊசி டெஸ்ட் ரிசல்ட் வந்துருச்சு, கேன்சர் இல்ல. ப்ளியோமார்ஃபிக் அடினோமான்னு பேரு, எச்சில் சுரப்பில வர்ற ஒரு கட்டி. தொண்டைச் சுவருக்குப் பின்னால உக்காந்துக்கிட்டு டான்சில உள்பக்கமா தள்ளுது, அதான் எச்சி முழுங்குறப்பல்லாம் என்னமோ அடைக்குற மாதிரி இருந்துச்சு. சாதாக் கட்டிதானே, விட்டுடலாமேன்னு கேட்டேன். மெதுவா வளந்துக்கிட்டேதான் இருக்கும், ரொம்ப வருஷம் விட்டா சில பேருக்கு கேன்சராவும் மாறும், எடுத்துடுங்கன்னுட்டார் டாக்டர்.

ஜனவரி 11
கட்டிய வாய் வழியா ரோபோட் வச்சு எடுக்கலாம்னு டாக்டர் சொன்னதுலேருந்து வீட்ல ஒரே கேள்வி, மெஷினே வெட்டுமாம்மா? இல்லப்பா. சர்ஜன் கொஞ்சம் தள்ளி கன்சோல்ல, அதாவது ரோபோட்ட இயக்குற மேசைல உக்காந்து கைய அசைப்பார், அந்த அசைவ சின்னதாக்கி, நடுக்கத்த வடிகட்டி வாய்க்குள்ள இருக்குற கருவி செய்யும், அவ்ளோதான். வழக்கமான முறைன்னா கழுத்துல கீறணும், சில கேஸ்ல கீழ்த்தாடை எலும்பையே அறுத்துத் திறக்கணும். அமெரிக்காவுல மருந்து, மருத்துவக் கருவிக்கெல்லாம் அனுமதி குடுக்குற எஃப்டிஏ 2009லயே டா வின்சி ரோபோட்ட இந்த வாய்வழி ஆபரேஷனுக்கு அனுமதிச்சாச்சு.

என்ன உறுத்துறது வேற. கட்டியோட உறை கிழிஞ்சு உள்ள இருக்குறது சிந்துனா பின்னாடி திரும்ப முளைக்கலாம், ஆனா இந்த மெஷின்ல சர்ஜன் கைக்கு தொடு உணர்வே வராது! டாக்டர்கிட்ட நேராவே கேட்டுட்டேன். பெருசாக்கிக் காட்டுற 3டி படத்துல திசு இழுபடுறத பாத்தே அழுத்தத்த கணிச்சுக்குவோம், தலைமாட்டுல இன்னொரு டாக்டரும் இருப்பார்னு சொன்னார். எம்ஆர்ஐல கழுத்துப் பெரிய ரத்தக்குழாய் கட்டிக்குப் பின்னால ஒதுங்கியிருக்கு, முன்னால வந்திருந்தா கழுத்து வழிதான்னும் சொன்னார். இப்படி ஒளிக்காம சொன்னதுதான் தைரியமே.

ஜனவரி 14
ஆ-ன்னு திறக்கச் சொல்லி மேல்பல்லுக்கும் கீழ்பல்லுக்கும் நடுவுல ஸ்கேல் வச்சு அளந்தாங்க. இவ்ளோ பெரிய மெஷினு, கடைசில என் வாய் எவ்ளோ திறக்குதுங்கறதுலதான் நிக்குது.

ஜனவரி 22
முடிஞ்சுது. கழுத்துல ஒரு கீறல் கிடையாது. ஆனா வலி இல்லன்னு யாராச்சும் சொன்னா நம்பாதீங்க, முழுங்குனா காது வரைக்கும் குத்துது, நாக்க அழுத்திப் பிடிச்ச கருவியால நுனி வேற மரத்துப் போயிருக்கு. இப்போதைக்கு நீராகாரம்தான்.

ஜனவரி 30
பயாப்ஸி ரிப்போர்ட்: அதே அடினோமா, உறை கிழியாம முழுசா வந்துருக்கு. நாக்கு மரப்பு பாதி போச்சு. வாய்ல புது ரத்தம் கொஞ்சம் வந்தாலும் யோசிக்காம எமர்ஜென்சிக்கு வரணும்னு சொல்லியிருக்காங்க, ரெண்டு வாரம் வரைக்கும் அந்த ரிஸ்க் உண்டாம். அடுத்த எம்ஆர்ஐக்கு தேதி வாங்கணும்.