மதகுதான் எங்கள் மலை

யாழ்ப்பாணத்தில் ஓடிப் பழகியவனுக்கு ஏற்றம் என்றால் வீதி மதகுதான். பள்ளிக்கூட இல்ல விளையாட்டுப் போட்டிக்கு முன்னர் வரும் மரதனில் காங்கேசன்துறை வீதியால் மருதனார்மடம் வரை போய்த் திரும்புவோம். வெயில் வாட்டும், எதிர்க்காற்றும் படுத்தும். மேடு மட்டும் கிடையாது. பி.ரி. மாஸ்ரர் சைக்கிளில் பக்கத்தில் வந்து, "தம்பி, கையை இறுக்காதை, தோளைத் தளர்த்து" என்பார். முடிவில் குளுக்கோசும் தோடம்பழத் துண்டும்.

கனடா வந்த பிறகு நண்பர் ஒருவர் என்னை ஹமில்ரனில் நடக்கும் 'அரவுண்ட் த பே' ஓட்டத்துக்கு இழுத்துப் போனார். 30 கிலோமீற்றர். 1894இல் தொடங்கியது, பொஸ்ரன் மரதனைவிட மூன்று வயது மூப்பு. 1906இல் இதை வென்ற பூர்வகுடி வீரர் ரொம் லோங்போட் அடுத்த வருடமே பொஸ்ரனையும் வென்றார். முதலில் தொழிற்சாலைகள், பிறகு ஏரிக்கரை. அதுவரை நம்மூர்க் கால்களுக்குக் கொண்டாட்டம். பேர்லிங்ரனில் நோர்த் ஷோர் வீதிக்குத் திரும்பியதும் மேடும் பள்ளமும் மாறி மாறி வரும். நான் ஓடத் தொடங்கிய காலத்தில், கால் கனக்கும் நேரம் பார்த்து, 26ஆவது கிலோமீற்றரை ஒட்டி 'வாலி இன்' என்றொரு செங்குத்து ஏற்றமும் இருந்தது.

ஏறிப் பழகுவதற்கு ரொறன்ரோவின் ஸ்காபுறோவிலேயே இடம் உண்டு. பிரிம்லி வீதி ஏரிக்கரைப் பூங்காவுக்கு இறங்கும் அந்தச் சரிவு. ஒரு நிமிடம், ஒன்றரை நிமிடம் உறைக்க ஏறி, நடந்து இறங்கி, திரும்ப ஏறுவோம். போட்டியில் அப்படி ஏறினால் தொலைந்தோம். அங்கே கடிகாரத்தை மறந்து மூச்சைக் கவனிக்க வேண்டும். சமதரையில் வந்த அதே மூச்சுக்கு அடியைக் குறுக்கினால் போதும், வேகம் குறைந்தால் குறையட்டும். மாஸ்ரர் சொன்ன தோள் விசயம் இங்கேதான் கைகொடுத்தது.

ஆனால் சமதரைக்காரரை உண்மையில் விழுத்துவது இறக்கம். இறங்கும்போது தொடைத்தசை இழுபட்டபடியே உடம்பைத் தாங்குகிறது. நார்கள் நுண்ணியதாகக் கிழியும். நோவு அன்றைக்குத் தெரியாது, மறுநாள் மாடிப்படியில் தெரியும். மருந்தும் அதிலேயே இருக்கிறது: ஒரு முறை இறக்கத்தில் அடிபட்ட தசை அடுத்த சில வாரங்களுக்கு அவ்வளவாக நோகாது. அதனால் போட்டிக்கு மூன்று வாரம் முன்னர் குதிகாலால் பிரேக் பிடிக்காமல், சிறு அடி வைத்து, இறங்கி ஓடிப் பார்ப்பது நல்லது.

இப்போது சங்கத்து ஆட்கள் சிலரும் சனிக்கிழமைகளில் பிரிம்லிக்கு வருகிறார்கள். ஏறச் சொன்னால் எல்லாரும் ரெடி. இறங்கி ஓடச் சொன்னால்தான், "அது சும்மா போகும்தானே அண்ணை" என்கிறார்கள்.