பாட்டு டீச்சரும் பனங்காற்றும்

பார்வை இல்லாத பிள்ளைக்குக் குரல் கட்டாயம் வாய்த்திருக்கும் என்று சித்தூர் தாலுகாவில் பலருக்கு ஒரு நம்பிக்கை. கர்நாடக சங்கீத வித்வான் செம்பை வைத்தியநாத பாகவதரின் ஊரான கோட்டாயி எங்கள் பாலக்காட்டு மாவட்டத்திலேயே இருப்பதால் அது இன்னும் கொஞ்சம் கூடுதல். ஆண்டு விழா என்றால் கடவுள் வாழ்த்துக்கு எங்களைத்தான் மேடையேற்றுவார்கள். என் தோழன் ஒருவனுக்குச் சுருதி என்பதே ஒட்டாது, அவனையும் விட்டதில்லை. இன்று அவன் வங்கி அதிகாரி. குளியலறையில்கூடப் பாடுவதில்லை என்று பெருமையாகச் சொல்கிறான்.

1974இல் மத்திய அரசு தொடங்கிய ஒருங்கிணைந்த கல்வித் திட்டத்தால்தான் எங்களைப் போன்றவர்கள் சாதாரணப் பள்ளிக்கு வர முடிந்தது. கொழிஞ்சாம்பாறைப் பக்கத்து நம் பள்ளியின் தமிழ் வகுப்பில் நாங்கள் சிலர் இருந்தோம். பாட்டு டீச்சர் எங்களைப் பாடகர்களாக்க முயலவே இல்லை. அவருடைய கவனமெல்லாம் எங்கள் கைகால்களின் மீதுதான்.

பார்வையற்ற சிறு பிள்ளைகள் பலர் உட்கார்ந்த இடத்திலேயே முன்னும் பின்னும் ஆடுவார்கள். கண்ணை விரலால் அழுத்துவார்கள். நானும் அப்படித்தான். வீட்டில் அதட்டுவார்கள். டீச்சரோ "கையைக் கொடு சாமி" என்று வாங்கி ஆதி தாளம் போடவைப்பார். ஒரு தட்டு, பிறகு சுண்டு விரல், மோதிர விரல், நடு விரல். அப்புறம் தட்டும் வீச்சும் இரண்டு முறை. எட்டு எண்ணி முடிப்பதற்குள் கை கண்ணை மறந்துவிடும். பிரெய்ல் புள்ளிகளைத் தடவத் தொடங்கியபோது அந்த விரல் பழக்கம் வீண் போகவில்லை. (லூயி பிரெய்லும் தேவாலயத்தில் ஆர்கன் வாசித்தவர்தான், 1829இல் அவர் வெளியிட்ட முறையில் எழுத்தோடு இசைக்குறிப்பும் சேர்ந்தே இருந்தது.)

பாட்டுப் படிப்பவர்கள் முதலில் பழகும் ஸ்வரப் பயிற்சியான சரளி வரிசையில் ஒன்றை அவர் பாடி நிறுத்துவார். நாங்கள் திருப்பிப் பாட வேண்டும். பேச்சில் அடுத்த முறை யாருடையது என்பதை மற்றவர்கள் முகம் பார்த்தே அறிகிறார்கள். நாங்கள் குறுக்கே விழுந்து பேசுவோம், இல்லையென்றால் வாயே திறக்க மாட்டோம். வரிசை முடியும் இடம் காதுக்குத் தெரியுமே! காத்திருக்க அங்கேதான் பழகினோம்.

நடக்கப் பழகியதும் பாட்டால்தான். அவர் வாசலில் நின்று பாடுவார். குரலை நோக்கி நடப்போம். சுவர் நெருங்கும்போது எங்கள் கைத்தட்டலின் ஒலி மாறுவதைக் கவனிக்கச் சொல்வார். மார்கழி, தை மாதங்களில் மட்டும் இந்த வித்தை பலிக்காது. பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் கிழக்கிலிருந்து வரும் காற்று பனையோலைகளில் புகுந்து சடசடத்து எல்லா ஒலியையும் விழுங்கிவிடும். தெரிந்த முற்றமே அந்நியமாகிவிடும். மழையைவிட எனக்கு அந்தக் காற்றில்தான் பயம். அந்த நாட்களில் கஞ்சிராவைக் குலுக்குவார். அதன் சில்லுச் சத்தம் எப்படியோ வந்து சேரும்.

வெளிநாடு வந்தபின் இதையே இசைச் சிகிச்சை என்ற பெயரில் தொழிலாகச் செய்கிறவர்களைச் சந்தித்தேன். பால் நோர்டாஃப், கிளைவ் ராபின்ஸ் இருவரும் 1959இல் தொடங்கிவைத்த வழியில், பிள்ளை எழுப்பும் ஒலியையே பிடித்து அதிலிருந்து இசையை வளர்க்கிறார்கள். இன்ன நோய்க்கு இன்ன ராகம் என்று பட்டியல் போடுகிறவர்களிடம் எனக்கு நம்பிக்கை இல்லை. எந்த ராகமும் பார்வையைத் தந்துவிடாது.

நம் ஊர்ச் சங்கம் அந்தப் பள்ளிக்குக் கீபோர்டுகள் வாங்கித்தர யோசிப்பதாக அறிகிறேன். முதலில் காற்றுச் சத்தம் புகாமல் கதவு சாத்தக்கூடிய ஓர் அறை கட்டுவோம்; பிள்ளைகளோடு தினமும் உட்கார ஓர் ஆசிரியருக்குச் சம்பளம் கொடுப்போம். கீபோர்டைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.