நான்கு ஆப்-ஆம்ப், ஐந்து யூனிட்: எல்எம்324-க்கு சிம்பல் வரைதல்

எல்எம்324 சிப்புக்குள் நான்கு ஆப்-ஆம்ப் (சிக்னலைப் பெருக்கும் சுற்று) உண்டு. சர்க்யூட் வரையும் மென்பொருளான கிகேடில் அதன் சிம்பலுக்கு ஐந்து யூனிட் (தனித்தனியாக வைக்கக்கூடிய பகுதி) வேண்டும். ஏ, பி, சி, டி என்ற நான்கு ஆப்-ஆம்ப்புக்கு, ஐந்தாவது மின்வழங்கலுக்கு. மின்வழங்கல் பின்களான 4, 11 இரண்டையும் ஏ யூனிட்டிலேயே வரைந்துவிட்டால், ஸ்கிமேட்டிக்கில் (சுற்று வரைபடத்தில்) ஏ-வைப் பயன்படுத்தாத நாளில் சிப்புக்கு மின்சாரமே கிடைக்காது. நான்கிலும் வரைந்தால் ஒரே பின் நான்கு இடத்தில் தெரியும். ஓரிடத்தில் 5 வோல்ட், இன்னோரிடத்தில் 12 வோல்ட் என்று வயர் இழுத்தால் ஒரே பின்னுக்கு இரண்டு நெட் (மின் இணைப்பு) என்ற முரண்பாடு வரும். தனி யூனிட்தான் சரி.

சிம்பல் எடிட்டரில் புதிய சிம்பல் திறக்கும்போதே யூனிட் எண்ணிக்கை 5 என்று கொடுங்கள். யூனிட்கள் ஒன்றுக்கொன்று மாற்றத்தக்கவை என்ற பெட்டியில் டிக் இருக்கக் கூடாது. இருந்தால் ஒரு யூனிட்டில் வைக்கும் பின் மற்ற யூனிட்களுக்கும் போகலாம். பிறகு அன்னொடேஷன் (பாகங்களுக்குத் தானாக எண் இடுதல்) ஓட்டும்போது மின்வழங்கல் யூனிட்டையும் இன்னொரு ஆப்-ஆம்ப் என்றே மென்பொருள் எண்ணிக்கொள்ளும். ரிலேயிலும் இதே கதைதான்: காயில் ஒரு யூனிட், கான்டாக்ட் ஒரு யூனிட் என்றால் அவை ஒன்றுக்கொன்று மாறாதபடி கட்டாயம் பூட்டியிருக்க வேண்டும்.

முக்கோணத்தின் உயரம் 10.16 மிமீ, அகலமும் அதே. மையத்திலிருந்து 2.54 மிமீ மேலும் கீழுமாக இரண்டு உள்ளீடுகள், நடுக்கோட்டில் வெளியீடு, பின் நீளம் 2.54. பின் நுனிகள் 2.54 மிமீ கிரிடில் உட்கார வேண்டும். அரை கிரிட் தள்ளிப்போனால் வயர் தொட்டதுபோலத் தெரியும், ஆனால் இணைந்திருக்காது. முக்கோணத்தை எல்லா யூனிட்டுக்கும் பொது என்று குறிக்காதீர்கள், மின்வழங்கல் யூனிட்டிலும் வந்து நிற்கும். அந்த யூனிட்டில் இரண்டு பின்கள் போதும்: மையத்திலிருந்து 2.54 மிமீ இடப்புறம், நுனி 7.62 மேலும் கீழும், நீளம் 3.81. இந்த அளவில் வரைந்தால் அதை எந்த முக்கோணத்தின் மேல் வைத்தாலும் பின்கள் சரியாகச் சாய்கோட்டைத் தொடும்.

ஏ முடிந்ததும் நகலெடுத்து பி, சி, டி-யில் ஒட்டி, பின் அட்டவணையில் எண்களை மாற்றலாம். அதிகம் சறுக்கும் இடம் இதுதான். ஏ-யில் 2-ஆம் பின் − உள்ளீடு, 3-ஆம் பின் + உள்ளீடு. அதே வரிசை என்று நினைத்து பி-யில் 5-ஐ − ஆக்கினால் தப்பு. பி-யில் 5 +, 6 −. சி-யில் 9 −, 10 +. டி-யில் 12 +, 13 −. நினைவில் வைக்க எளிய வழி உண்டு: மின்வழங்கல் பின்களான 4, 11 இரண்டின் பக்கத்துப் பின்கள் எல்லாம் +. வெளியீடுகள் சிப்பின் நான்கு மூலைகளில்: 1, 7, 8, 14. இரண்டு உள்ளீடும் ஒரே வகைப் பின் என்பதால் இடம் மாறினால் இஆர்சி (மென்பொருளின் மின் விதிச் சோதனை) ஒன்றும் சொல்லாது. போர்டு வந்த பிறகு எதிர்மறைப் பின்னூட்டம் நேர்மறையாகி, வெளியீடு ஒரு பக்கம் போய் ஒட்டிக்கொள்ளும்போதுதான் தெரியவரும்.

இந்த சிம்பலையே நான்கு கம்பாரேட்டர் (மின்னழுத்த ஒப்பீட்டுச் சுற்று) உள்ள எல்எம்339-க்குத் திருத்தலாமே என்று தோன்றும். வேண்டாம். அதில் மின்வழங்கல் 3, தரை 12. வெளியீடும் ஓப்பன் கலெக்டர் வகை (தரைக்கு இழுக்க மட்டுமே முடியும்). புதிதாக வரைவதுதான் வேகம்.

மின்வழங்கல் பின்களை மறைத்துவைப்பது பழைய வழக்கம். மறைந்த பவர் இன்புட் பின் தன் பெயருள்ள நெட்டில் தானாகச் சேர்ந்துவிடும். விசிசி என்று பெயரிட்ட மின்வழங்கல் பின்னுள்ள 74எச்சி00 லாஜிக் கேட் சிப்பை 3.3 வோல்ட்டில் ஓட்ட நினைத்தாலும், விசிசி நெட் 5 வோல்ட் என்றால் சிப் 5 வோல்ட்டில்தான் ஓடும், திரையில் ஒரு கோடுகூடத் தெரியாது. பின் வெளியே தெரியட்டும்.

பயன்படுத்தாத ஆப்-ஆம்ப்பையும் ஸ்கிமேட்டிக்கில் வைத்துவிடுங்கள்: வெளியீட்டை − உள்ளீட்டோடு இணைத்து, +-ஐ மின்வழங்கலின் பாதி மின்னழுத்தத்தில் கட்டினால் அது அமைதியாக இருக்கும். 74எச்சி00 போன்ற எச்சி சிப்களில் பயன்படுத்தாத கேட்களின் உள்ளீடுகளைத் தரையிலோ விசிசியிலோ கட்டி, வெளியீட்டில் இணைப்பில்லை என்ற குறியை வையுங்கள்.