அங்குலத்துக்கு ஓர் அடி

ஜூன் 8, 2025, ஞாயிறு

சக்கர நாற்காலிக் கூடைப்பந்துப் பயிற்சியில் என் ஆட்டச் சேரின் வலது சக்கர டியூப் போய்விட்டது. கும்பகோணத்தில் வழக்கமான சைக்கிள் கடைக்காரர்தான் ஒட்டித் தந்தார். சக்கரம் ஏன் இப்படிச் சாய்ந்திருக்கிறது என்று இன்றும் கேட்டார். நிமிர்த்தித் தருகிறேன் என்று ஒரு தடவை சுத்தியலையே கையில் எடுத்தவர் அவர். சாய்ந்திருந்தால்தான் சட்டென்று திரும்பும், பக்கவாட்டில் இடித்தாலும் கவிழாது என்றேன். பாதிதான் நம்பினார்.

ஜூன் 10, செவ்வாய்

ஒரு பள்ளியில் பொன்னாடை போர்த்தினார்கள். மாநில அணிக்கு ஏழு தடவை ஆடியது, இரண்டு பதக்கம், எல்லாவற்றையும் மைக்கில் வாசித்தார்கள். மேடைக்கு மட்டும் நாலு பேர் தூக்கித்தான் ஏற்றினார்கள். சரி, விடுங்கள்.

பிள்ளைகளின் கேள்விகள்தான் நன்றாக இருந்தன. கூடையை இறக்கி வைப்பார்களா? இல்லை, அதே பத்து அடி உயரம்தான். பந்தை மடியில் வைத்துக்கொண்டே போய்விடலாமே? சக்கரத்தை இரண்டு தள்ளுதான் தள்ளலாம், மூன்றாவதற்கு முன் பந்தைத் தட்டியாக வேண்டும். ஒரு பொடியன் என் சேரில் உட்கார்ந்து பார்த்துவிட்டு இறங்க மாட்டேன் என்று அடம் பிடித்தான்.

ஜூன் 12, வியாழன்

பாபநாசம் பக்கம் ஒரு கிராமம். தென்னை மரத்திலிருந்து விழுந்து முதுகுத்தண்டு அடிபட்ட தம்பி, வயது 23. இரண்டு வருடமாக வாசல் தாண்டவில்லை. டிவியில் மேட்டூர் திறப்பு ஓடிக்கொண்டிருந்தது. "அணையே திறந்தாச்சு, இவந்தான் வெளியே வர மாட்டேங்கிறான்" என்றார் அவன் அம்மா.

உட்கார்ந்தே இருந்து புண் ஏதும் வந்திருக்கிறதா என்று முதலில் கேட்டேன். ஒன்று ஆறி வருகிறது. இரண்டு கையையும் ஊன்றி உடம்பைத் தூக்கிப் பிடிப்பதைக் காட்டினேன். கால் மணிக்கு ஒரு தடவை. போலியோக்காரனான எனக்கு உணர்ச்சி உண்டு, வலித்தால் தெரியும். அவனுக்குத் தெரியாது. அதனால் கடிகாரம் பார்த்துத்தான் செய்ய வேண்டும்.

அப்புறம் ஆட்டத்தைப் பற்றிப் பேசினேன். "எனக்கு இடுப்புக்குக் கீழே ஒண்ணுமே இல்லண்ணே, என்னை யாரு சேத்துப்பா?" என்றான். கணக்கைச் சொன்னேன். உடம்பின் இயக்கத்தைப் பார்த்து ஒவ்வொருவருக்கும் 1 முதல் 4.5 வரை புள்ளி, இயக்கம் குறைந்தால் புள்ளியும் குறைவு. களத்தில் இருக்கும் ஐந்து பேரின் கூட்டுத்தொகை 14ஐத் தாண்டக் கூடாது. 4.5 ஆட்கள் மூன்று பேர் இறங்கினாலே 13.5 ஆகிவிடும், மிச்சம் இரண்டு பேரை எங்கே வைப்பது? குறைந்த புள்ளி ஆள் இல்லாமல் அணியே இறங்க முடியாது. விரல் விட்டு எண்ணிப் பார்த்தான். ஒன்றும் சொல்லவில்லை.

ஜூன் 15, ஞாயிறு

கல்லணை திறந்தாயிற்று. நான் மட்டும் டேப்பும் கையுமாக அவன் வீட்டு வாசலில். படி 9 அங்குலம். அங்குலத்துக்கு ஓர் அடி என்றால் சாய்தளம் 9 அடி. வாசலிலோ ஆறடிக்கு அப்பால் வாய்க்கால். கொத்தனார், "மூணடி போதும் சார், எல்லா ஆபீஸ்லயும் அப்படித்தான் போடுறோம்" என்றார். அந்த ஆபீஸ் சாய்தளம் ஒன்றில் மல்லாக்க விழுந்தவன் நான் என்றேன். அவரையே சேரில் உட்கார வைத்து, மூன்றடிப் பலகையைச் சாய்த்துப் போட்டு ஏறச் சொன்னேன். பாதியில் பின்னால் வந்துவிட்டார். திண்ணை ஓரமாகத் திருப்பிக் கட்டலாம் என்று அவரேதான் யோசனை சொன்னார்.

ஜூன் 22, ஞாயிறு

சிமெண்ட் காய்ந்துவிட்டது. தம்பி தானே இறங்கினான். வாய்க்கால் மேட்டுக்குப் போனதும் அவன் அம்மா கத்த ஆரம்பித்துவிட்டார். என் ஆட்டச் சேரைக் கேட்டு வாங்கினான். ஒரே தள்ளு, முழுச் சுற்றுச் சுற்றிச் சுவரைப் பார்த்து நின்றான். இரண்டு வருடத்தில் அவன் சிரித்து இப்போதுதான் பார்க்கிறேன் என்றார் பக்கத்து வீட்டு ஆச்சி.

அடுத்த ஞாயிறு கும்பகோணம் பயிற்சிக்கு வருகிறான். பேருந்தில் ஏற்ற ஆள் வேண்டும். கொத்தனார் தான் வருவதாகச் சொல்லியிருக்கிறார், கூலி வேண்டாமாம், டீ மட்டும்.